மாரிக்கு முன்னம் கறையானைப் பாருங்கோ

ஐப்பசி மழை பிடிக்க முன்னம் வீட்டைச் சுற்றி ஒருக்கா நடந்து பாருங்கோ. அத்திவாரச் சுவரில் பென்சில் தடிப்பில் மண்கோடு ஏறியிருந்தால் அது கறையானின் பாதை. கொஞ்சம் சுரண்டிவிட்டு, சில நாளால் திரும்பப் பாருங்கோ. மூடியிருந்தால் உள்ளே ஆள் நடமாட்டம் இருக்கிறது.

எங்கட யாழ்ப்பாண வளவுகளில் பெரிய வினை, பின்னின தென்னோலையால் அடைக்கிற கிடுகுவேலிதான். உக்கின கிடுகும் செத்த கதியாலும் (வேலிக்கு நடுகிற மரக்கம்பு) சுவரோடு முட்டி நின்றால் கறையானுக்கு வேறு அழைப்பு வேண்டாம். வேலியைச் சுவரிலிருந்து விலக்குங்கோ. விறகு, மட்டை, பழைய பலகைகளை வெறும் நிலத்தில் போடாமல் கல்லுக்கு மேல் அடுக்குங்கோ. வைரம் பாய்ந்த பனஞ்சிலாகையை (கூரைக்குப் போடுகிற பனைமரச் சட்டம்) அது லேசில் தொடாது. இளம் பனையும் மலிவுப் பலகையும்தான் முதலில் போகும்.

ஈரத்தை நிற்பாட்டுவது மருந்தைவிட முக்கியம். குசினித் தண்ணீர், கூரைப் பீலித் தண்ணீர், ஒழுகுகிற குழாய் எதுவும் சுவரடியில் தேங்கக்கூடாது. புத்தக அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கோ.

மண்ணெண்ணெய் ஊற்றினால் பட்டது மட்டும் சாகும், புற்று நிலத்துக்குள் அப்படியே இருக்கும். அதிகம் பரவியிருந்தால் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கோ. ஆனால் கிணற்றடியில் மருந்தடிக்க விடவேண்டாம். எங்கட சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது நிலத்தடி நீருக்குக் கெதியாய் இறங்கிவிடும். புது வீடு கட்டுகிறவர்கள் நிலத்துக்குக் கொங்கிறீற் போட முன்னமே மண்ணுக்கு மருந்தடிப்பித்தால் செலவு குறைவு.