ஒரு சொல்லைப் பிடியுங்கள்

ஒரு பாட்டு நமக்கென்றே எழுதியதுபோல் மனதில் தைக்கிறதா? இசையை நிறுத்திவிட்டு வரிகளைக் கொப்பியில் கையால் எழுதிப் பாருங்கள். ஃபோனில் தட்டினால் சரிவராது, கை ஓடிவிடும். எழுதும்போது எந்தச் சொல்லில் பேனா தயங்குகிறதோ அதற்குக் கீழே ஒரு கோடு. அப்புறம் அகராதி.

திருக்கோணமலைப் பதிகத்தில், கடல் முத்தைக் 'கொழிக்கும்' என்கிறார் சம்பந்தர். 7ஆம் நூற்றாண்டுப் பாட்டு. சின்ன வயதிலிருந்து பாடியும், கொழிப்பதென்றால் செழிப்பது என்றே நினைத்திருந்தேன். அலை கரையில் ஒதுக்குவதும் கொழிப்பதுதானாம், சுளகில் அரிசியை அசைத்துக் குறுணி பிரிப்பதும் அதுதானாம். உடனே அம்மம்மா குசினி வாசலில் சுளகோடு உட்கார்ந்திருப்பதுதான் கண்ணில் வந்தது. இப்போது கோணேசர் கோயில் மலையிலிருந்து கீழே அலையைப் பார்த்தால் அந்தச் சரசரப்புத்தான் கேட்கிறது.

புலவர் நினைத்தது இதுவா என்று கவலைப்படாதீர்கள். அகராதிப் பொருளை ஒரு பக்கமும் உங்கள் நினைவை மறு பக்கமும் எழுதித் திகதி போடுங்கள். அடுத்த வருடம் வேறு சொல்லில் பேனா நிற்கும்.