அடிபட்ட குட்டி விமானம் வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு, பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பழைய கார் வாங்குகிற நம்மவர்கள் மிதியடிக்குக் கீழே சேறு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விலையே பேசுகிறார்கள். விமானம் என்றதும் அந்தச் சந்தேக புத்தி எங்கே போகிறதோ, புதுப் பெயிண்டைப் பார்த்ததுமே முன்பணத்தை நீட்டிவிடுகிறார்கள்.

விபத்து என்றாலே ஓடிப்போவதும் தவறுதான். இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானமான செஸ்னா 152இன் தயாரிப்பு 1985இலேயே நின்றுவிட்டது. பயிற்சிக்கு ஓடிய இத்தனை வயதான விமானம் எங்கும் இடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். பழுது பார்த்ததற்குக் கணக்கு இருக்கிறதா என்பதே கேள்வி.

ப்ரொப்பெல்லர் தரையில் தட்டியதா என்று முதலில் கேளுங்கள். "புதுசு மாட்டியாயிற்று" என்ற பதிலோடு திருப்தியடையாதீர்கள். அந்த அதிர்ச்சி, ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனைப் பல்சக்கரம் வரை போகிறது. லைகமிங் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பல என்ஜின்களில், தீப்பொறி தரும் மேக்னெட்டோவையும் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டையும் சுழற்றுவது அதுதான். அதைப் பிடித்திருக்கும் போல்ட் பறக்கும்போது ஒடிந்தால் என்ஜின் அணைந்துவிடும். ஆகவே, தட்டிய என்ஜினில் அந்த இடத்தைத் திறந்து சோதிப்பதை அமெரிக்க விமானத் துறை 2004இல் கட்டாயமாக்கியது. ஓடாமல் நின்ற விமானத்தின் ப்ரொப்பெல்லரில் எதுவோ மோதி, அதைப் பழுது பார்க்க வேண்டி வந்திருந்தாலும் லைகமிங் கணக்கில் அது அடிதான். விற்பவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

செஸ்னா 172இன் மூக்குச் சக்கரம் ஓங்கி இறங்கியிருந்தால், என்ஜினுக்குப் பின்னாலுள்ள ஃபயர்வால் தகட்டில் சுருக்கம் விழும். என்ஜின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு வரிசை ரிவெட் மட்டும் புதிதாக மின்னினால் விமானத்தின் பராமரிப்புக் குறிப்பேடான லாக் புத்தகத்தில் அந்தப் பழுதைத் தேடுங்கள். திருவனந்தபுரம் போன்ற கடலோரத்தில் நின்ற விமானமானால், ஒட்டுப்போட்ட தகடுகளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அலுமினியம் அப்படித்தான் அரிக்கும்.

அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால், 'விடி' என்று தொடங்கும் இந்தியப் பதிவெண்ணை மட்டும் வைத்துத் தேடிப் பயனில்லை. 'என்' என்று தொடங்கும் பழைய அமெரிக்கப் பதிவெண்ணைக் கேட்டு வாங்கி, அங்கே விமான விபத்துகளை விசாரிக்கும் அமைப்பான என்டிஎஸ்பியின் பதிவுகளில் தேடுங்கள். அங்கே செய்த பெரிய பழுது வேலைகளுக்கு அமெரிக்க விமானத் துறையின் 337 எண் படிவம் இருக்க வேண்டும்.

சோதிக்க விற்பவரின் எஞ்சினியரையே அழைக்காதீர்கள். உங்கள் ஆள் என்ஜினைத் திறக்கட்டும். செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். திறக்க விடமாட்டேன் என்றால் அன்றைக்கே ஊருக்கு பஸ் ஏறிவிடுங்கள்.