எல்லாவற்றுக்கும் கேஸ் என்று பேர் வைக்காதீர்கள்

என் அத்தைக்குக் காலையில் இட்லி நன்றாகவே இறங்கும். மத்தியானச் சோறும் பரவாயில்லை. ராத்திரி சப்பாத்தி என்றால் பாதியில் நின்றுவிடுவார். இடது கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் மெல்லுவார். சாப்பிட்டு முடிப்பதற்குள் பேச்சு மூக்கால் வர ஆரம்பித்துவிடும். வீட்டில் எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை: கேஸ். பெருங்காயம் கரைத்த மோர், ஓமத் தண்ணீர், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பாண்டோபிரசோல் என்ற அமில மாத்திரை என்று நாலு மாதம் ஓடியது. எண்டோஸ்கோப்பியும் நார்மல். கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர், அவரைக் கண்ணிமைக்காமல் மேலே பார்க்கச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடத்தில் இரண்டு இமைகளும் மெல்லத் தொங்கிவிட்டன. மயஸ்தீனியா கிராவிஸ்.

தசையை அசையச் சொல்லி நரம்பு அனுப்பும் சேதியைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கெடுத்துவைக்கும் நோய் இது. உழைத்தால் தளரும், ஓய்வெடுத்தால் தேறும். அதனால்தான் காலை இட்லிக்கு ஒரு தொண்டை, ராத்திரி சப்பாத்திக்கு வேறு தொண்டை. நாங்கள் செய்த பெரிய தப்பு, ஒவ்வொரு முறையும் அத்தை தெம்பாக இருக்கும் காலை நேரத்திலேயே மருத்துவரிடம் கூட்டிப்போனது. பார்க்கிறவருக்கு எந்தக் குறையும் தெரியாது. ராத்திரி சாப்பிடும்போது செல்போனில் இரண்டு நிமிட வீடியோ எடுத்திருந்தால் போதும்.

நோய் தெரிந்த பிறகும் தப்பு நடக்கும். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு, இந்த நோய்க்குத் தரும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போடச் சொல்வார்கள், மெல்லும் நேரத்தில் தசைக்குத் தெம்பு இருக்க வேண்டும் என்பதற்காக. மாத்திரை என்றாலே சாப்பாட்டுக்குப் பிறகு என்று பழகிய வீடுகளில் இது தலைகீழாகிவிடும். இன்னொன்று: ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் இந்த நோயைக் கிளறிவிடக்கூடியவை. பல் பிடுங்கப் போனாலும் நோயின் பேரை முதலில் சொல்லிவிட வேண்டும். மூச்சு வாங்க ஆரம்பித்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

சரி, ‘எப்போது இறங்கவில்லை’ என்ற கேள்விக்கு அடுத்தது ‘எது இறங்கவில்லை’. முதலில் சப்பாத்தி நிற்கிறது, சில வாரத்தில் இட்லி, அப்புறம் கஞ்சி என்று போனால் உணவுக்குழாய் எங்கேயோ குறுகிக்கொண்டு வருகிறது என்று பொருள். புற்றுநோயாகவும் இருக்கலாம். நம்மவர்கள் இங்கே சத்தமில்லாமல் கஞ்சிக்கு மாறிக்கொண்டு, “அதுதான் இறங்குதே” என்று சமாதானமாகிவிடுகிறார்கள். எடை குறைவது தெரியும்போது பல மாதம் போயிருக்கும்.

திடமும் தண்ணீரும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து மாட்டிக்கொண்டால் கதை வேறு. அகலேசியா என்ற நோயில் உணவுக்குழாயின் கீழ் வாசல் திறக்க மறுக்கும். எதுக்களிப்பு நோயிலோ அதே வாசல் சரியாக மூடாது. ஆனால் இரண்டிலும் நெஞ்சு எரியும், சாப்பிட்டது மேலே வரும். அகலேசியாவில் வருவது பெரும்பாலும் புளிக்காத, தின்றபடியே இருக்கிற சோறு. அமில மாத்திரையிலேயே வருடக்கணக்காக ஓட்டுகிறவர்கள் உண்டு. மாத்திரை அந்த வாசலைத் திறக்காது. 1674-லேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர், திமிங்கில எலும்பின் நுனியில் கடற்பஞ்சு கட்டிக் கொடுத்து, நோயாளியை அதைக் கொண்டு சோற்றை உள்ளே தள்ளச் சொன்னார். இப்போது இறுகிய தசையை அறுத்துவிடும் சிகிச்சை இருக்கிறது.

உண்மையிலேயே எதுக்களிப்புதான் என்றால், பாண்டோபிரசோலைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுங்கள். தலையணைகளை அடுக்கிப் படுத்தால் வயிறு மடங்கி அமிலம் இன்னும் ஏறும். அதற்குப் பதில் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குலத்துக்குக் கட்டை வையுங்கள். நெஞ்சு அழுத்தி, வியர்த்து, வலி தாடைக்கோ கைக்கோ ஓடினால் சோடா குடித்துப் பார்க்க வேண்டாம். அது மாரடைப்பாக இருக்கலாம்.

கேஸ் போலவே இன்னொரு தப்பான பேரும் உண்டு. முகம் கோணிக்கொண்டால் “ஜன்னல் சீட்டில் காற்று அடித்துவிட்டது” என்பார்கள். பெல்ஸ் பால்சி என்ற முகவாதத்தில் ஒரு பக்கம் நெற்றியே சுருங்காது, கண்ணும் மூடாது. பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி தப்பித்துவிடும். இந்த வித்தியாசம் மருத்துவருக்கு. வீட்டில் கண்ணாடி முன் நிறுத்திச் சோதித்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. முகவாதம்தான் என்று தெரிந்தாலும், ஸ்டீராய்டு மாத்திரையை முதல் மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். பலரும் அந்த மூன்று நாளை எண்ணெய் தேய்ப்பதில் கழிக்கிறார்கள். மூடாத கண்ணுக்குப் பகலில் சொட்டு மருந்து, ராத்திரி களிம்பு போட்டு டேப் ஒட்டுவது. இதை விட்டால் வாய் நேரான பிறகும் கருவிழியில் புண் நிற்கக்கூடும்.

அப்புறம் தண்ணீர். யாராவது மயங்கி விழுந்து வாய் கோணினால் சொம்போடு ஒருவர் ஓடி வருவார். தண்ணீர் வேகமாக ஓடும், பலவீனமான தொண்டை அதற்குள் மூச்சுக்குழாயை மூடி முடித்திருக்காது. மருத்துவமனையில் விழுங்கும் சோதனை செய்யும்வரை ஒரு சொட்டும் வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு புரையேறினால் தலையில் தட்டி “யாரோ நினைக்கிறாங்க” என்று சிரிக்காதீர்கள். இருமாமலே உள்ளே போய் நிமோனியாவாக முடிவதும் உண்டு. எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கும் நம் வழக்கம் இவர்களுக்கு ஆகவே ஆகாது, தலை பின்னால் சாயும்போது மூச்சுப் பாதை திறந்துகொள்கிறது. நிமிர்ந்து உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த ஸ்பூன்.