கைக்கடிகாரத்தை நாடு விட்டு நாடு அனுப்பும் முன்

பழைய மெக்கானிக்கல் கைக்கடிகாரங்களைப் பல ஆண்டுகளாக வெளிநாடுகளிலிருந்து வாங்கி வருகிறேன். சிலவற்றை வெளிநாட்டவருக்கு விற்றும் இருக்கிறேன். வரி விஷயத்தை எனக்குச் சரியாகக் கற்றுக்கொடுத்தது வாங்கிய கடிகாரமோ விற்ற கடிகாரமோ அல்ல. ஏற்கெனவே எனக்குச் சொந்தமாக இருந்த ஒன்று. சாவி கொடுத்து ஓடும் எஃகுக் கடிகாரம் அது. உள்ளே பாலன்ஸ் சக்கரத்தின் அச்சு உடைந்துவிட்டது. உதிரிபாகம் கைவசம் வைத்திருந்த வெளிநாட்டு மெக்கானிக் ஒருவருக்கு அனுப்பிவைத்தேன். படிவத்தில் 'கடிகாரம்' என்ற ஒரே சொல்லை எழுதினேன். சில வாரங்களில் பழுது நீங்கித் திரும்பி வந்தது. கூடவே, அதன் முழு மதிப்புக்கும் இறக்குமதி வரி கட்டச் சொல்லும் தாளும் வந்தது.

"இது என்னுடையதுதான், பழுது பார்க்கத்தான் போனது" என்றேன். "இதே கடிகாரம்தான் இங்கிருந்து போனது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார் சுங்க அதிகாரி. என்னிடம் இருந்தது கூரியர் ரசீது ஒன்றுதான். அதில் சீரியல் எண் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

சுங்கத் துறையினர் பெரும்பாலும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறார்கள். பார்சல் கட்டுவதற்கு முன் நாம் எழுதும் நாலைந்து வரிகள்தான் எவ்வளவு வரி, எத்தனை நாள் தாமதம், யார் பொறுப்பு என்பதையெல்லாம் முடிவு செய்கின்றன. அந்த வரிகளை எப்படி எழுதுவது என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள்

பெரும்பாலான நாடுகளில் இரண்டு வரிகள் விழும். ஒன்று சுங்க வரி. மற்றொன்று மதிப்புக் கூட்டு வரி. சில நாடுகளில் அதற்குச் சரக்கு மற்றும் சேவை வரி என்று பெயர். இரண்டையும் தனித்தனியே விலையின் மேல் போட்டுக் கூட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. இரண்டாவது வரி, முதல் வரியையும் சேர்த்த தொகையின் மேல்தான் விழும்.

கடிகாரத்தின் விலை 1000 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமானாலும் சரி. அனுப்பும் செலவு 60, இன்ஷூரன்ஸ் 20. பல நாடுகள் இந்த மூன்றையும் சேர்த்த 1080-ஐத்தான் சுங்க மதிப்பாக எடுத்துக்கொள்கின்றன. சுங்க வரி 5 சதவீதம் என்றால் 54. இப்போது தொகை 1134. இதன் மேல் 20 சதவீதம் மதிப்புக் கூட்டு வரி என்றால் 226.80. மொத்த வரி 280.80. ஐந்தும் இருபதும் இருபத்தைந்து, ஆகவே 250 என்று மனக்கணக்குப் போட்டவருக்கு 30.80 குறைகிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் சுங்க வரியைக் கணக்கிடும்போது அனுப்பும் செலவைச் சேர்ப்பதில்லை. ஆகவே சேரும் நாடு எந்த முறையைப் பின்பற்றுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

நாணய மாற்று விகிதத்துக்கு இணையத்தில் தெரியும் அன்றைய விலையை நம்பக்கூடாது. சுங்கத் துறை தனக்கென ஒரு விகிதத்தை அறிவித்திருக்கும், அதுதான் செல்லும். இதற்கு மேல், வரியை நமக்காக முன்கூட்டிக் கட்டியதற்குக் கூரியர் நிறுவனம் தனிக் கட்டணம் வாங்கும். சிறிய பார்சலில் சில நேரம் அந்தக் கட்டணமே வரியைவிட அதிகமாக இருக்கும்.

"சின்னத் தொகைதானே, வரி வராது" என்று பழைய தகவலை நம்பி இருந்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரை மதிப்புக் கூட்டு வரி இல்லை என்ற சலுகை 2021 ஜூலை 1 அன்று நீங்கிவிட்டது. அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த விலக்கும் 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. பணம் செலுத்தும் நாளில் சேரும் நாட்டுச் சுங்கத் துறையின் தளத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. அவர் சொன்ன விலையில் அவருடைய நாட்டு வரி அடங்கியிருக்கிறதா? நேரே வெளிநாட்டுக்கு அனுப்பும் பொருளுக்கு அந்த வரியைக் கழித்து விற்கப் பெரும்பாலான நாடுகள் அனுமதிக்கின்றன. கேட்காவிட்டால் இரண்டு நாட்டு வரியையும் நீங்களே சுமப்பீர்கள். பழைய கடிகாரங்களை, இலாபத்தின் மேல் மட்டும் வரி கட்டும் முறையில் விற்கும் வியாபாரிகளும் உண்டு. அவர்களுடைய இன்வாய்ஸில் கழிப்பதற்கென்று தனித் தொகை எதுவும் இருக்காது.

கடிகாரத்துக்கு உரிய எண்

பொருள்களை வகைப்படுத்த உலகச் சுங்க அமைப்பு வகுத்த எச்.எஸ். எண் ஒவ்வொரு பொருளுக்கும் உண்டு. முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்குப் பிறகு வருவதை அந்தந்த நாடு சேர்த்துக்கொள்ளும். கடிகாரங்கள் 91-ஆம் அத்தியாயத்தில் வருகின்றன.

இதில் கூடு எந்த உலோகம் என்பதுதான் முதல் கேள்வி. கூடு முழுவதும் தங்கம், வெள்ளி, பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகம் என்றால் 9101. எஃகு, டைட்டானியம், பித்தளை என்றால் 9102. தங்க முலாம் பூசியது தங்கம் ஆகாது, அது 9102-தான். தங்கக் கூட்டுக்கு எஃகுப் பின்மூடி போட்டிருந்தாலும் 9102-க்குத்தான் போகும். பழைய கடிகாரங்களில் இந்தச் சேர்க்கை அடிக்கடி வரும். நான் எண் எழுதும் முன் கடிகாரத்தைக் கவிழ்த்து, பின்மூடியின் விளிம்பில் பொறித்திருப்பதை லென்ஸ் வைத்துப் படிப்பேன். 'துருப்பிடிக்காத எஃகுப் பின்மூடி' என்று பொடி எழுத்தில் பெரும்பாலும் பொறித்திருப்பார்கள். எதிரே ஓரிரு கீறல்களும், பழைய மெக்கானிக் யாரோ கூரிய ஊசியால் கீறிவைத்த தேதியும் இருக்கும். அந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல் 'தங்கக் கடிகாரம்' என்று எழுதிவிட்டால் தவறான தலைப்பின் கீழ் வரி கட்ட நேரிடும்.

இரண்டாவது கேள்வி, கடிகாரம் எதனால் ஓடுகிறது என்பது. எஃகுக் கூடு உள்ள கைக்கடிகாரத்தில், முள் காட்டும் பேட்டரி வகை 9102.11. எண்களை மட்டும் திரையில் காட்டுவது 9102.12. கை அசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் 9102.21. கையால் சாவி கொடுப்பது 9102.29. ஸ்மார்ட்வாட்ச் இந்த அத்தியாயத்திலேயே வராது. அது தகவல் தொடர்புக் கருவியாக 8517-க்குப் போகிறது. பல நாடுகளில் அதற்குச் சுங்க வரி இல்லை. மற்ற வரி உண்டு. தனியாக அனுப்பும் பட்டைக்கு 9113. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கடிகாரமாக இருந்து, அந்த வயதை நிரூபிக்க முடியுமானால், அது தொல்பொருளாக 9706-இல் சேரும். பழைய பாக்கெட் கடிகாரம் வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்; சில நாடுகளில் வரி கணிசமாகக் குறைகிறது.

அமெரிக்காவுக்கு அனுப்புவதானால் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. அங்கே பல வகைக் கடிகாரங்களுக்கு மெஷின், கூடு, பட்டை, பேட்டரி ஆகியவற்றுக்குத் தனித்தனி வரி விகிதங்கள். ஆகவே இன்வாய்ஸில் மதிப்பைப் பிரித்துக் காட்டுங்கள். கடிகாரம் எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதற்கும் அங்கே மெஷின் எங்கே கோக்கப்பட்டது என்பதுதான் கணக்கு. டயலில் அச்சிட்டிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்துத் தயாரித்த நாட்டை எழுதிவிடாதீர்கள்.

படிவத்தில் எழுதுவது

தபாலில் அனுப்பும்போது மதிப்பைப் பொறுத்து சி.என். 22 அல்லது சி.என். 23 என்ற சுங்க அறிவிப்புப் படிவம் தருவார்கள். சி.என். 22 சிறியது, குறைந்த மதிப்புக்கு உரியது. கொஞ்சம் விலையுள்ள கடிகாரம் எல்லாம் சி.என். 23-க்குத்தான் போகும். ஆங்கிலம், பிரெஞ்சு அல்லது சேரும் நாடு ஏற்கும் மொழியில் நிரப்ப வேண்டும்.

நான் இப்போது எழுதுவது இந்த மாதிரி: ஆண்கள் கைக்கடிகாரம், 1. கையால் சாவி கொடுப்பது. துருப்பிடிக்காத எஃகுக் கூடு. கன்றுத் தோல் பட்டை. பயன்படுத்தியது. எச்.எஸ். 9102.29. தயாரித்த நாடு. சீரியல் எண். விலை, நாணயத்தின் பெயருடன். இவ்வளவும் இருந்தால் கூடுதல் விவரம் கேட்டுக் கடிதம் வருவது அரிது. பிராண்டின் பெயரைப் பெட்டியின் வெளிப்புறத்தில் எழுதுவதில்லை. இன்வாய்ஸை மடித்து உறைக்குள் வைக்கிறேன். வழியில் யார் கண்ணிலும் பட வேண்டியதில்லை.

மதிப்பு என்றால் உண்மையில் கொடுத்த விலை. உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டு ஒப்பந்தமும் அதைத்தான் முதல் அடிப்படையாக வைக்கிறது. அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் ஆதாரம் கேட்பார். திருப்தி இல்லையென்றால் அதே போன்ற கடிகாரத்தின் விலையிலிருந்து அவரே மதிப்பைக் கணிப்பார். விற்பனை விளம்பரத்தின் நகல், பணம் செலுத்திய வங்கிப் பதிவு, விற்பவருடன் பேசிய செய்திகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். பழுதடைந்த கடிகாரத்தைக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தால் 'ஓடவில்லை, உதிரிபாகத்துக்காக' என்று தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். நல்ல நிலையிலுள்ள அதே மாடலின் விலையோடு ஒப்பிடுவதை அந்த ஒரு குறிப்பு தடுக்கும்.

விற்பவர்கள் பலர் நல்லெண்ணத்துடன் கேட்பது ஒன்று உண்டு: "அன்பளிப்பு என்று எழுதிவிடட்டுமா?" வேண்டாம் என்று உடனே சொல்லுங்கள். விற்ற பொருள் அன்பளிப்பு ஆகாது. பொய்யான அறிவிப்புக்கு அபராதம் உண்டு, பறிமுதலும் உண்டு. மதிப்பைக் குறைத்து எழுதிய பார்சல் காணாமல் போனால் இன்ஷூரன்ஸும் அந்தக் குறைந்த தொகையைத்தான் தரும். அறிவித்த மதிப்பு 100, இன்ஷூர் செய்தது 1000 என்று இருந்தால் அந்த முரண்பாடே பார்சலைத் திறக்கவைக்கும்.

வரியை யார் கட்டுவது என்பதையும் பணம் அனுப்பும் முன்பே எழுத்தில் முடிவு செய்யுங்கள். டி.டி.பி. என்றால் அனுப்புபவர் எல்லா வரியையும் கட்டுகிறார். டி.ஏ.பி. என்றால் பெறுபவர். 'அனுப்பும் செலவு இலவசம்' என்ற சொல்லில் வரி அடங்காது. வாங்குபவர் வாசலில் மறுத்துவிட்டால் பார்சல் திரும்பிப் போகும். அதன் செலவு உங்கள் தலையில் வந்து விழலாம்.

பழுதுக்கு அனுப்புவது

என்னைப் போல் அனுபவித்துக் கற்க வேண்டாம். கடிகாரம் வெளியே போகும்போதே ஏற்றுமதி அறிவிப்பு செய்து, 'பழுது நீக்கித் திரும்பி வரும்' என்று அதில் குறிப்பிட வேண்டும். பின்மூடியிலும் மெஷினிலும் உள்ள எண்களைப் படமெடுத்து இணையுங்கள். மெக்கானிக் திருப்பி அனுப்பும்போது, இன்வாய்ஸில் பழுதுக் கூலியையும் உதிரிபாக விலையையும் தனியாகக் காட்டி, நம் ஏற்றுமதி அறிவிப்பின் எண்ணையும் எழுத வேண்டும். அப்போது பல நாடுகள் பழுது நீக்கிய செலவுக்கு மட்டுமே வரி கேட்கும். சில நாடுகளில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பொருள் கிளம்பிய பிறகு கேட்டால் கிடைக்காது. பிடிக்காமல் விற்பவருக்கே திருப்புவதானாலும், கட்டிய வரியைத் திரும்பப் பெறும் விண்ணப்பத்தைப் பார்சல் கிளம்பும் முன்பே தொடங்க வேண்டும்.

முதலைத் தோல் பட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதலை இனங்கள் எல்லாம், அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975-இல் நடைமுறைக்கு வந்த சைட்ஸ் உடன்படிக்கையின் கீழ் வருகின்றன. உரிய அனுமதிச் சான்று இல்லாமல் எல்லை தாண்டினால் பட்டை பறிமுதலாகும். சில நேரம் கடிகாரமும் உடன் நிற்கும். நான் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, அல்லது விற்பவரைக் கழற்றச் சொல்லி, கடிகாரத்தை மட்டும் அனுப்பும்படி பார்த்துக்கொள்கிறேன். ஐந்து நிமிட வேலை அது. மிகப் பழைய டயல்களில் இருட்டில் ஒளிரும் பூச்சு ரேடியமாக இருக்கலாம். அதை அனுப்பும் முன் தபால் நிலையத்திலோ கூரியரிலோ கேட்டுவிடுங்கள். லித்தியம் பேட்டரி உள்ள ஸ்மார்ட்வாட்ச்களுக்கும் தனி விதி உண்டு. போலிக் கடிகாரத்தைச் சுங்கத் துறை பிடித்தால் திரும்பத் தராது, அழித்துவிடும்.

கையில் கட்டிக்கொண்டு வந்தால் வரி இல்லை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கையில் கட்டியிருந்தாலும் வெளிநாட்டில் வாங்கியது வாங்கியதுதான். பயணிகளுக்கான சலுகைத் தொகையைத் தாண்டினால் சிவப்பு வழியில் போய் அறிவிக்க வேண்டும். ஏற்கெனவே உங்களிடம் உள்ள விலையுயர்ந்த கடிகாரத்தோடு பயணம் போகிறவர்கள், கிளம்பும்போதே சுங்கத் துறையிடம் பதிவுச் சான்று வாங்கிக்கொள்வது நல்லது.

பார்சல் வந்து சேர்ந்ததும் முதலில் வரி ரசீதைப் பாருங்கள். எச்.எஸ். எண் சரியா, அனுப்பும் செலவு இரண்டு முறை சேர்ந்துவிட்டதா, நாணயம் மாறிப் பதிவாகிவிட்டதா என்று சரிபாருங்கள். ஒருமுறை என் ரசீதில் விலை சரியாக இருந்தது, நாணயத்தின் பெயர் வேறாக இருந்தது. கூரியருக்கு எழுதி, இன்வாய்ஸை இணைத்தேன். அதிகப்படியாகக் கட்டிய பணம் திரும்பி வந்தது. மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு, ஆகவே அன்றே பாருங்கள். ரசீதுகளை எறிந்துவிடாதீர்கள், அடுத்த முறை அந்தக் கடிகாரம் பழுதுக்குப் போகும்போதும், விற்கும்போதும் அவை வேண்டும். நான் கடிகாரம் ஒன்றுக்கு ஓர் உறை என்று வைத்திருக்கிறேன். இன்வாய்ஸ், வரி ரசீது, பின்மூடியின் படம் மூன்றும் உள்ளே இருக்கும். உறையின் மேல் பென்சிலால் சீரியல் எண்ணை எழுதியிருக்கிறேன்.