பெண்கள் கிளப் பீச் சாக்கர் தொடர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புல்தரையில் கால்பந்துத் தொடர் நடத்திப் பழகியவர்கள், அதே அட்டவணையையும் அதே புள்ளிக் கணக்கையும் கடற்கரைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். பெரும்பாலான குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் அடி நேரத்தில் விழும். ஆட்டம் 12 நிமிடங்கள் வீதம் மூன்று பகுதி, இடையில் 3 நிமிட ஓய்வு. கூட்டினால் 42 வருகிறதே என்று ஆட்டத்துக்கு 45 நிமிடம் ஒதுக்கினால் இரண்டாவது ஆட்டமே தாமதமாகும். கோல் விழுந்தாலும், ஃப்ரீ கிக்கோ பெனால்டியோ கொடுத்தாலும் கடிகாரத்தை நிறுத்தியாக வேண்டும். சமநிலை என்றால் 3 நிமிடக் கூடுதல் நேரம், பிறகு பெனால்டி. அணிகள் உடலைச் சூடேற்றவும் மணலைச் சமன்படுத்தவும் இடம்விட்டு 75 நிமிடம் ஒதுக்குங்கள்.

புள்ளிப் பட்டியலிலும் இதே சிக்கல் உண்டு. பீச் சாக்கரில் டிரா கிடையாது. வழக்கமான நேரத்தில் வென்றால் 3 புள்ளி, கூடுதல் நேரத்தில் வென்றால் 2, பெனால்டியில் வென்றால் 1, தோற்றால் பூஜ்யம். வெற்றி எப்படி வந்தது என்பதை ஸ்கோர் ஷீட்டில் குறிக்காமல் விட்டால், கடைசி நாளன்று அரையிறுதிக்கு யார் போவது என்று சண்டை வரும்.

பெண்கள் தொடர்தானே என்று மைதானத்தைச் சுருக்குவதும், சின்னப் பந்து கொடுப்பதும், பகுதிகளை 8 நிமிடமாக்குவதும் பரவலான பழக்கம். 2016-இல் தொடங்கிய ஐரோப்பியப் பெண்கள் கிளப் கோப்பை மூன்று 12 நிமிடப் பகுதிகளோடுதான் நடக்கிறது. மாற்றம் தேவை என்றால் கால்பந்துச் சங்கத்தின் ஒப்புதலோடு, அணிகள் பெயர் கொடுக்கும் முன்பே அறிவிக்க வேண்டும். முதல் நாள் காலையில் அறிவித்தால் பயிற்சி செய்துவந்த அணிக்குத்தான் நஷ்டம்.

இனி மணல். மைதானம் 35 முதல் 37 மீட்டர் நீளம், 26 முதல் 28 மீட்டர் அகலம். மணல் குறைந்தது 40 செ.மீ. ஆழம் இருக்க வேண்டும். மேலே பார்க்க மெத்தென்று இருக்கும், அடியில் இறுகிய தரை இருக்கும். பைசிக்கிள் கிக் (பின்புறமாகச் சாய்ந்து எம்பி, தலைக்கு மேலாகப் பந்தை உதைப்பது) அடித்து முதுகில் விழும் ஆட்டக்காரிக்கு அந்த வித்தியாசம் உடனே தெரியும். ஆகவே ஒரு கம்பியைப் பல இடங்களில் குத்திப் பாருங்கள். சிப்பி, கண்ணாடி, முள் எல்லாம் மேல்பரப்பில் மட்டும் இருக்காது. ஆட்டத்தில் கால் தோண்டத் தோண்ட அடியிலிருந்து மேலே வரும். அதனால் தொடருக்கு முன் சலிப்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் பல்வாரியால் வாரிப் பொறுக்க வேண்டும்.

இடம் தேர்ந்தெடுத்த நாளில் கடல் எங்கே நின்றது என்பதை நம்பி எல்லை போடாதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் கூடுதலாக ஏறும். உச்ச நீர்மட்டக் கோட்டுக்கு மேலே மைதானம் அமையட்டும். நண்பகலில் மணல் பாதத்தைப் பொசுக்கும், இந்த ஆட்டத்திலோ காலணிக்கு அனுமதி இல்லை. ஆட்டத்துக்கு முன்பும் இடைவேளைகளிலும் பரவலாகத் தண்ணீர் தெளியுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் மணல் இறுகிப்போகும். வெயில் உச்சத்தில் ஆட்டமே வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

கோல் கம்பம் 5.5 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரம். அடிச்சட்டத்தின் மேல் மணலை அள்ளிப் போட்டால் நிற்கும் என்று நினைப்பது ஆபத்து. யாராவது குறுக்குக் கம்பத்தைப் பிடித்துத் தொங்கினாலே சாயும். அடியை ஆழப் புதைத்து நங்கூரமிட வேண்டும். எல்லைக்குக் கயிறு வேண்டாம், கால் சிக்கும். 8 முதல் 10 செ.மீ. அகல நீல நாடாதான் சரி.

அணிகள் செய்யும் பெரிய பிழை, ஆறேழு பேரோடு வருவது. களத்தில் ஐவர்தான் என்றாலும் மணலில் இரண்டு மூன்று நிமிடம் முழு வேகத்தில் ஓடினாலே கால் கனக்கும். மாற்று ஆட்டக்காரர்களை எத்தனை முறையும் இறக்கலாம் என்ற விதி இருப்பதே அதற்காகத்தான். பத்துப் பேர் இல்லாத அணி பெரும்பாலும் மூன்றாம் பகுதியில் சரியும். இரண்டு கோல்கீப்பர் அவசியம். மணல் பயிற்சியை மூன்று நான்கு வாரம் முன்பே குறைந்த நேரத்தில் தொடங்காவிட்டால் கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் பழிவாங்கும்.

விதி தெரியாமல் இழக்கும் கோல்களும் உண்டு. ஃப்ரீ கிக்கை மறிக்க ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று சுவர் கட்ட முடியாது. எதிரணியினர் 5 மீட்டர் விலக வேண்டும். வெளியே போன பந்தைக் கையாலும் உள்ளே போடலாம், காலாலும் போடலாம், ஆனால் 4 விநாடிக்குள்.

உடை மாற்ற மூடிய கூடாரம், தண்ணீர் வசதியோடு கழிப்பறை, சானிட்டரி நாப்கின், அதைப் போட மூடியுள்ள தொட்டி ஆகியவை மைதானத்துக்கு அருகிலேயே வேண்டும். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே அரை கிலோமீட்டர் நடக்கவிடாதீர்கள். லெகிங்ஸ், தலையை மூடும் துணி ஆகியவற்றுக்கு அனுமதி உண்டா என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். கம்மல், மூக்குத்தி போன்றவற்றை டேப் ஒட்டி மறைத்தால் போதாது, கழற்ற வேண்டும் என்பதையும் அதிலேயே சேருங்கள். முதலுதவிப் பெட்டியில் முள் எடுக்கும் இடுக்கியும் கண் கழுவச் சுத்தமான நீர் நிறைந்த சில குப்பிகளும் இருக்கட்டும். கண்ணில் மணல் விழுந்தால் தேய்க்க விடாமல் முதலில் நீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.