வன்னி வெயிலில் குடிதண்ணீர்

சித்திரை, வைகாசியில் ஊருக்குப் போனால் முதலில் குடிதண்ணீரைக் கவனியுங்கள். கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் பல கிணறுகளில் சுண்ணாம்பு கூடிய கல்லுத்தண்ணீர்தான். கொதிக்கவைத்து ஆறவிட்டு, வெள்ளைப் படிவு அடியில் இறங்கியதும் மேல்தண்ணீரை மட்டும் மண்பானைக்குள் ஊற்றுங்கள். படிவோடு ஊற்றினால் பானையின் நுண்துளைகள் மெல்ல அடைபடும்; கசிவு நின்றால் குளிர்ச்சியும் போய்விடும். புதுப்பானையை ஒரு நாள் ஊறவைத்து, காற்றோடும் விறாந்தையில் ஈரமணல்மேல் வையுங்கள். கழுவத் தும்பு போதும். சவர்க்காரம் வேண்டவே வேண்டாம், மண் அதை உறிஞ்சிவிடும். காற்று அசையாத புழுக்க நாளில் தண்ணீர் அவ்வளவு குளிராது, பானையில் பிழையில்லை.

வியர்த்துக் களைத்தால் ஜீவனி (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் கரைசல்தூள்) ஒரு பைக்கட்டை ஒரு லீற்றர் ஆறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். அரை லீற்றரில் கரைத்தால் உப்புக் கூடிவிடும், பிள்ளைகளுக்கு அது ஆபத்து. 24 மணித்தியாலம் கடந்த மிச்சத்தை வெளியே ஊற்றிவிடுங்கள்.