ஸ்வீடன் பாணி மீன் ஸ்டூ: மீனைக் கடைசியில் போடுங்கள்

இந்த ஸ்டூ கெட்டுப்போவது இரண்டே இடத்தில்தான். ஒன்று, மீன் அதிகமாக வெந்து சக்கையாகிவிடும். இன்னொன்று, கிரீம் திரிந்து திப்பி திப்பியாக மிதக்கும். இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். நான் இருக்கும் கோத்தன்பர்க்கில் இதை ஃபிஸ்க்கிரீத்தா என்பார்கள். வீட்டுக்கு வீடு செய்முறை மாறும். எனக்குப் பிடித்தது குங்குமப்பூவும் ஃபென்னலும் (சோம்பு வாசம் அடிக்கும், வெங்காயம் மாதிரி குமிழான காய்) போட்ட வகை. கீழே உள்ள அளவு நாலு பேருக்கு வரும்.

மீன் மொத்தம் 700 கிராம் வேண்டும்: காட் 400, சால்மன் 300. காட் விலை கையைக் கடித்தால் சேய் வாங்குங்கள். அதுவும் காட் குடும்பத்து மீன்தான், சதை கொஞ்சம் சாம்பல் நிறமாக இருக்கும், ஸ்டூவுக்குத் தாராளமாகப் போதும். விருந்தாளி வருகிற நாளில் நான் ஃபெஸ்கெஷோர்காவுக்குப் போவேன். தேவாலயம் மாதிரியே கட்டி 1874-இல் திறந்த மீன் அங்காடி அது. மற்ற நாளெல்லாம் சூப்பர்மார்க்கெட்டில் உறைய வைத்த மீன்தான். அதை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள். அப்புறம் பெரிய துண்டாக, மூன்று நான்கு சென்டிமீட்டர் இருக்கும்படி வெட்டி, உப்புத் தூவி, 15 நிமிடம் கழித்து வரும் தண்ணீரைக் காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள். இதை விட்டுவிட்டால் அந்தத் தண்ணீரெல்லாம் ஸ்டூவில் இறங்கி நீர்த்துப்போகும். உப்பு ஏறிய மீன் உடையாமலும் இருக்கும்.

இறால் அரை கிலோ, தோலோடு வாங்குங்கள். இங்கே தோலோடு விற்கும் சிவந்த இறாலைப் படகிலேயே வேகவைத்துத்தான் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். அதை மறுபடி வேகவைத்தால் ரப்பர். தோலுக்காகத்தான் இதை வாங்கச் சொல்கிறேன், ஏனென்றால் ஸ்டூவின் ருசி பாதி அதில்தான் இருக்கிறது. உரித்த இறாலை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, தோலையும் தலையையும் ஒரு ஸ்பூன் வெண்ணெயில் ஐந்து நிமிடம் வதக்குங்கள். வெண்ணெய் ஆரஞ்சு நிறமாகி, வீடெல்லாம் கடல் வாசம் வரும். ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஒரு கட்டு டில் கீரையின் (சதகுப்பை) காம்புகளையும் போட்டு, 20 நிமிடம் மெதுவாகக் கொதித்ததும் வடிகட்டிவிடுங்கள். அதற்கு மேல் கொதிக்கவிட வேண்டாம், கசப்பு ஏறும். காம்பைப் போடச் சொன்னது கீழ் வீட்டு ஸ்வீடிஷ் அம்மா. அதற்கு முன் நான் அதைக் குப்பையில்தான் போட்டுக்கொண்டிருந்தேன். வடித்ததில் 600 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். நேரமில்லாவிட்டால் உரித்த இறாலும் மீன் ஸ்டாக் கட்டியும் போதும். ஆனால் கட்டியில் உப்பு அதிகம், தனியாக உப்புப் போடாதீர்கள்.

அடி கனமான பாத்திரத்தில் 25 கிராம் வெண்ணெய். பொடியாக அரிந்த லீக் (தடித்த வெங்காயத்தாள் மாதிரி இருப்பது) ஒன்று, மெல்லிசாகச் சீவிய ஃபென்னல் ஒன்று, பூண்டு இரண்டு பல். மிதமான சூட்டில் பத்து நிமிடம், சிவக்காமல் வதக்குங்கள். ஃபென்னல் கண்ணாடி போல ஆனால் சரி. இப்போது இறால் சாற்றை ஊற்றி, அரை கிலோ உருளைக்கிழங்கை ஒரு வாய் அளவுத் துண்டாகப் போடுங்கள். மாவாகக் குழையாத, கெட்டி வகைக் கிழங்காக இருக்கட்டும்.

கிழங்கு நன்றாக வெந்த பிறகுதான் வெள்ளை ஒயின். பல செய்முறைகளில் ஒயினை முதலிலேயே ஊற்றச் சொல்வார்கள், நான் அப்படிச் செய்வதில்லை. புளிப்பு பட்டால் கிழங்கு மெத்தென்று ஆகாது, எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் விறைப்பாகவே நிற்கும். கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியதும் 150 மில்லி ஊற்றி, மூடாமல் ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். குங்குமப்பூவை இந்த ஒயினிலேயே முன்கூட்டி ஊறவைத்துவிடுவேன். இங்கே அது பொடியாக, அரை கிராம் பொட்டலத்தில் வரும். அதில் பாதி போதும். டிசம்பரில் லூசியா பண்டிகைக் குங்குமப்பூ பன்னுக்கு வாங்கியதில் மிச்சம் இருந்தால் அதையே போடலாம். ஒயின் கிடைப்பது பெரும்பாலும் அரசாங்கக் கடையில்தான், ஞாயிற்றுக்கிழமை அதுவும் மூடியிருக்கும். ஒயின் வேண்டாம் என்பவர்கள் குங்குமப்பூவை வெந்நீரில் ஊறவைத்து ஊற்றி, கடைசியில் எலுமிச்சையை மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். தக்காளி போடுபவர்களும் உண்டு. எனக்கு அது குங்குமப்பூவின் வாசத்தை அமுக்கிவிடுவதாகத்தான் படுகிறது.

கிரீமில் கஞ்சத்தனம் கூடாது. 36 முதல் 40 சதவீதம் கொழுப்புள்ள கிரீம் 200 மில்லி, 34 சதவீதக் க்ரெம் ஃப்ரெஷ் (லேசாகப் புளிக்கவைத்த கெட்டி கிரீம்) 100 மில்லி. கொழுப்பு கூடிய கிரீமில் புரதம் குறைவு, அதனால் புளிப்பும் சூடும் சேர்ந்தாலும் திரியாது. 15 சதவீத கிரீமோ, கொழுப்பு குறைத்த வகையோ போட்டால் ஒயினோடு சேர்ந்து திரிய வாய்ப்பு அதிகம். கிரீமை ஊற்றி மூன்று நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு, சூட்டைக் குறைத்து, க்ரெம் ஃப்ரெஷைக் கலக்குங்கள். உப்பு பாருங்கள். வெள்ளை மிளகுத்தூள் கால் ஸ்பூன்.

இப்போதுதான் மீன். காட், சால்மன் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் ஸ்டூவுக்குள் அமுக்கி வையுங்கள். ஓரத்தில் முதல் குமிழி வந்ததும் அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். பழைய மின்சார அடுப்பு அணைத்த பிறகும் சூடாகவே இருக்கும், அதனால் பாத்திரத்தை இறக்கிப் பக்கத்தில் வையுங்கள். ஐந்தாறு நிமிடம் மூடியைத் தொடாதீர்கள், கரண்டியும் போடாதீர்கள். திறந்ததும் ஒரு காட் துண்டை முள்கரண்டியால் லேசாக அழுத்திப் பாருங்கள். இதழ் இதழாகப் பிரிந்து, உள்ளே ஈரம் மின்னினால் பதம். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 55 டிகிரி. சால்மன் மேல் வெள்ளையாகக் கசிந்து திரள்கிறது என்றால் சூடு ஏறிக்கொண்டிருக்கிறது, உடனே பரிமாறிவிடுங்கள். இறாலையும் நறுக்கிய டில் இலையையும் இந்த நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். இறால் சூடேறினால் போதும். மேலே அரை மூடி எலுமிச்சை பிழிந்து, பாத்திரத்தைக் காதோடு பிடித்து ஒரு சுழற்று.

மொறுமொறுப்பான ரொட்டியும் அயோலியும் (பூண்டு போட்ட மயோனைஸ்) பக்கத்தில் இருக்கட்டும். சால்மன் தோலைத் தூக்கிப் போடாமல், உப்புத் தடவி, வெறும் வாணலியில் அமுக்கிப் பிடித்து வறுத்து, உடைத்து மேலே தூவுங்கள். எங்கள் வீட்டில் முதலில் காலியாவது அதுதான்.

நம்ம மீன் குழம்பு போல மறுநாளைக்கு வைத்திருந்தால் ருசி கூடும் என்று இதில் எதிர்பார்க்க வேண்டாம். திரும்பச் சூடாக்கும்போது மீன் இறுகிவிடும். விருந்தாளி எப்போது வருவார்கள் என்று தெரியாவிட்டால், ஒயின் கொதித்து முடிக்கும் வரை மத்தியானமே செய்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். அவர்கள் வந்து கோட்டைக் கழற்றும்போது அடுப்பை ஏற்றி, கொதி வந்ததும் கிரீமிலிருந்து தொடர்ந்தால், கால் மணி நேரத்தில் மேசைக்கு வந்துவிடும்.